வெருகலுக்கு முளைத்த கால்

அத்தியாயம் ஆறு

இராசதுரை கல்யாணத் துப்பறிவாளர். திருகோணமலையில் பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையின் சாதகத்தைச் சாத்திரியாரிடமும், மாப்பிள்ளையை இராசதுரையிடமும் ஒப்படைப்பார்கள். பதினெட்டு வருடங்களில் அவர் பிடித்துக் கொடுத்தவர்களில் ஏற்கெனவே தாலி கட்டியவர்கள் நான்கு பேர். கனடாவில் இருப்பதாகச் சொல்லிப் பக்கத்துக் கப்பல்துறைக் கிராமத்தில் மச்சான் வீட்டில் ஒளிந்திருந்தவர் ஒருவர். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது கரண்டில் ஓடும் என்பது மட்டும்தான்.

அப்படிப்பட்டவரைத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை காலை, துறைமுகத்துக்குள் இருந்த நீலக்கரைக் கப்பல் முகவர் நிலையத்தின் முகாமையாளர் சோமசேகரம் அவசரமாக அழைத்தார். தன் அலுவலகக் கணினியை ஒருவர் நாசம் செய்துவிட்டார் என்றும், ஆளைத் தானே கண்டுபிடித்துவிட்டதாகவும், அறிக்கை எழுதிக் கையெழுத்து வைக்க ஒரு துப்பறிவாளர்தான் குறை என்றும் தொலைபேசியில் சொன்னார்.

"ஆளைப் பிடிச்ச பிறகு எங்களைக் கூப்பிடுறது, தாலி கட்டின பிறகு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி," என்றான் ஜெமீல்.

ஜெமீல் கிண்ணியாக்காரன். இராசதுரையின் உதவியாளன், மொப்பெட் ஓட்டி, அவர் கேட்காமலே கருத்துச் சொல்கிறவன். முப்பத்தைந்து வயதிலும் தனக்குப் பெண் பார்க்க விடமாட்டான். இராசதுரை அண்ணன் தன்னைப் பற்றியும் விசாரித்துவிடுவார் என்று பயம்.

துறைமுக வாசலில் அவனை மறித்துவிட்டார்கள். அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிய அவன் பெயரில் இரண்டு 'ஈ' இருந்தது. முகாமையாளர் வாசலுக்கு அனுப்பிய பட்டியலில் ஓர் 'ஐ' இருந்தது. காவலில் நின்ற கடற்படைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பட்டியலில் உள்ளவர் வரட்டும், நீ போ என்றார். பட்டியலில் உள்ளவன் நான்தான் என்று ஜெமீல் சொன்னான். பட்டியல் அப்படிச் சொல்லவில்லையே என்றார் அவர். முகாமையாளர் தொலைபேசியில் எழுத்தைத் திருத்திய பிறகுதான் கம்பி உயர்ந்தது. இருபது நிமிடம் போய்விட்டது.

"இருபது நிமிசம் நான் ஆரெண்டு எனக்கே தெரியாம நிண்டனான்," என்றான் ஜெமீல்.

நீலக்கரை அலுவலகம் கடலைப் பார்த்த இரண்டு மாடிக் கட்டடம். கீழே அலுவலகம், மேலே முகாமையாளரின் வீடு. வாசலுக்கு மேலிருந்த ஆங்கிலப் பெயர்ப்பலகையில் ஓரிடத்தில் புதுப் பெயின்ற் மின்னியது. பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக உட்கார்ந்தவர் மாதிரி, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஓர் 'ஏ' ஒடுங்கி நின்றது. இராசதுரை அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

நேரம் பதினொன்றே கால்.

சோமசேகரம் ஐம்பது வயது மனிதர். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூன்று நிறப் பேனா. அவர் சொன்ன கதை இது. காலை எட்டு நாற்பதுக்குக் கரண்ட் போய் வந்தது. கணினியைப் பார்க்கிற கமலாதேவி அதைத் திரும்பவும் போட்டாள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாள். கணினி ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலைகளெல்லாம் படம் படமாக விரிகிற அந்த டெஸ்க்டொப் வரவேயில்லை. அதற்குப் பதிலாகத் திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ சொன்னது. சரி என்று அமத்தினால் திரும்பவும் பெயரைக் கேட்டது. மூன்று முறையும் இதே கதை.

"அந்தப் பெட்டியில என்ன இருந்தது தெரியுமோ? நான் எழுதி வைச்சிருக்கிறன்," என்று ஒரு துண்டுத் தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் ஒரே வரி. செய்தித் தொடர்பு அமைப்பைத் தொடங்க முடியவில்லை என்று இருந்தது.

சோமசேகரம் குரலைத் தாழ்த்தினார். தன் அலுவலகத்தில் செய்தி அனுப்புகிற அமைப்பு எதுவும் கிடையாது என்றார். அப்படியென்றால் அந்தப் பெண் யாருக்கோ இரகசியமாகச் செய்தி அனுப்ப ஒன்றை உள்ளே வைத்திருக்கிறாள். இன்று அது சிக்கிக்கொண்டு தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிட்டது. உடனே அவர் வயரைப் பிடுங்கி, கணினிக்கு இரு பக்கமும் தீயணைக்கும் மணல் வாளிகளை வைத்துவிட்டார்.

"மணல் எதுக்கு?" என்று ஜெமீல் கேட்டான்.

எதற்கும் இருக்கட்டும் என்றார் முகாமையாளர்.

மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. தட்டச்சு செய்தது. கடற்படைப் பொறுப்பதிகாரிக்கு எழுதியது. கமலாதேவி என்ற பெயரும், 'நாசவேலை' என்ற சொல்லும் ஒரே வரியில் இருந்தன. கையெழுத்து மட்டும் இல்லை. ஏன் இன்னும் வைக்கவில்லை என்று இராசதுரை கேட்டார்.

"வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்னிரண்டு மட்டும் இராகு காலம். பன்னிரண்டு அடிச்ச உடன வைப்பன்."

எனக்கும் அப்பொழுது ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும், இரண்டு பேரும் ஒன்றாகவே முடித்துவிடலாம் என்று ஜெமீல் சொன்னான். இராசதுரை சிரிக்கவில்லை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அப்படி ஒரு கடிதம் வாசலைத் தாண்டினால், அதில் பெயர் இருக்கிறவர் பல மாதங்கள் வீட்டுக்கு வராமல் இருக்கலாம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கமலாதேவி அடுத்த அறை வாசலில் ஒரு கதிரையில் இருந்தாள். முப்பத்திரண்டு வயது. தினமும் உப்புவெளியில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். கொழும்பில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்து, ஐந்து வருடமாக அந்த யுனிக்ஸ் கணினியைத் தனியே ஓட்டுகிறாள். கைகளை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். அழவில்லை.

அவள் தன் பயத்தைப் பற்றிச் சொல்லாமல், கப்பலைப் பற்றிச் சொன்னாள். சீனியும் பருப்பும் பால்மாவும் ஏற்றிய கப்பல் காலையில் இருந்து உள்துறையில் நிற்கிறது. எந்தச் சரக்கை எந்த ஒழுங்கில் இறக்குவது என்ற திட்டம் கணினிக்குள் இருக்கிறது. இரண்டு மணிக்கு முன் அதை அச்சடித்துத் துறைமுக அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் கப்பல் இறக்காமலே திரும்பிவிடும். மூன்று வாரத்துக்கு வேறு கப்பல் இல்லை.

"கடையில பால்மா முடிஞ்சு நாலு நாள், ஐயா. முதல் கப்பலைப் பாருங்கோ. என்னைப் பிறகு பாக்கலாம்."

இராசதுரை கணினியைப் போடச் சொன்னார். முகாமையாளர் மறுத்தார். பிரேதத்தைப் பார்க்காமல் மரண அறிக்கை எழுத ஏலாது என்று இராசதுரை சொன்னதும் அரை மனதாக இணங்கினார். ஆனால் அந்தப் பெண் அதைத் தொடக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அதனால் கமலாதேவி வாசலில் இருந்தபடியே சொல்ல, இராசதுரை ஒற்றை விரலால் செய்தார். முகாமையாளர் மணல் வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார்.

கணினி இரைந்தது. எழும்பவில்லை. வயரைப் பிடுங்கியதால் அது தன் உள்ளிருப்பு முழுவதையும் எண்ணிச் சரிபார்க்கும், பத்து நிமிடமாவது எடுக்கும் என்றாள் கமலாதேவி. இராசதுரை மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று இருபத்திரண்டு. வெளியே கப்பல் ஒருமுறை ஊதியது.

"அண்ணன், பொம்புளை வீட்டில மாப்பிள்ளை ஆக்கள் தேத்தண்ணி குடிக்க எடுக்கிற நேரம்தான் இதுவும்," என்றான் ஜெமீல்.

பதினொன்று முப்பத்திரண்டுக்குத் திரை பெயரைக் கேட்டது. இராசதுரை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். திரை ஏற்றுக்கொண்டது. இருண்டது. பிறகு அந்தப் பெட்டி வந்தது.

"பாத்தீங்களோ, செய்தி அமைப்பு," என்றது கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல்.

இராசதுரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார். ஒரு முறை மாப்பிள்ளை ஒருவரின் சான்றிதழில் முதல் வரியில் வைத்தியர் என்று இருந்தது. மூன்றாம் வரிக்குப் போன பிறகுதான் அவர் மாட்டு வைத்தியரின் உதவியாளர் என்று தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் அவர் கடைசி வரி வரை படிப்பார். முகாமையாளர் எழுதி வைத்த வரிக்குக் கீழே இன்னும் வரிகள் இருந்தன. பிழையைத் திருத்தும் வழி என்று அந்தப் பெட்டியே சொன்னது. முதலில் வெளியே போ. பிறகு படங்கள் இல்லாத வெறும் அமர்வு ஒன்றைத் தெரிவுசெய்து உள்ளே வா. பிறகு இந்தக் கணினியின் பெயர் எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறதா என்று பார்.

"பேரோ?" என்று வாசலில் இருந்து எழும்பி நின்றாள் கமலாதேவி. காலையில் மூன்று முறையும், அவள் இரண்டாம் வரிக்குப் போகுமுன்பே முகாமையாளர் பின்னால் இருந்து கையை நீட்டிச் சரி என்று அமத்திவிட்டிருந்தார்.

கணினிகளுக்கும் பெயர் உண்டு என்பது இராசதுரைக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து வருடத்துக்கு முன் கொழும்புப் பொறியியலாளர் இதை நிறுவியபோது, என்ன பெயர் வைப்பது என்று அவசரமாகக் கேட்டாராம். அவள் தன் அம்மாவின் ஊரைச் சொன்னாளாம். வெருகல்.

வெறும் அமர்வு என்பது ஒரு சின்னக் கட்டம், அதற்குள் துடிக்கும் ஒரு புள்ளி. வேறு ஒன்றும் இல்லை. அவள் சொல்லிக் கொடுத்த சொல்லை இராசதுரை குத்தினார். உன் பெயர் என்ன என்று கேட்கிற சொல் அது. கணினி பதில் சொன்னது. வி, ஈ, ஆர், யூ, ஜீ, ஏ, ஏ, எல்.

ஜெமீல் எழுத்துக் கூட்டிப் பார்த்தான். "வெருகால். அண்ணன், வெருகலுக்குக் கால் முளைச்சிட்டுது."

கமலாதேவி நிபந்தனையை மறந்து திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். ஓர் 'ஏ'தான் இருக்க வேண்டும் என்றாள். அடுத்ததாக முகவரிப் பட்டியலைத் திறக்கச் சொன்னாள். அதில் பழையபடி வெருகல் என்றே இருந்தது.

கமலாதேவி சொல்லச் சொல்ல இராசதுரைக்கு விளங்கிவிட்டது. டெஸ்க்டொப் தொடங்கும்போது அதன் பகுதிகள் ஒன்றோடு ஒன்று கதைக்க வேண்டும். அந்தப் பேச்சை நடத்துவதுதான் அந்தச் செய்தி அமைப்பு. கதைக்கத் தொடங்குமுன் அது தன் பெயரைப் பட்டியலில் தேடுகிறது. பட்டியலில் வெருகால் என்று யாரும் இல்லை. ஆகவே தன்னைத் தானே உள்ளே விட மறுக்கிறது.

"உம்மை வாசலில மறிச்ச அதே கேஸ், ஜெமீல்."

"அப்ப இதுக்கும் ஆரும் போன் எடுத்துச் சொல்லலாமே," என்றான் ஜெமீல்.

இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் நின்ற சோமசேகரம் வாளியோடு முன்னால் வந்தார். முகத்தில் வெற்றி. பெயரை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றால் அது நாசவேலைதானே என்றார். கணினியைத் தெரிந்த ஒரே ஆள் இவள். தான் சொன்னதைத் துப்பறிவாளரே இப்போது நிரூபித்துவிட்டார். கடிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். மணி பதினொன்று நாற்பத்தாறு.

கமலாதேவியின் முகம் வெளுத்துவிட்டது.

அந்தப் பெயர் எப்போது மாறியது என்று கணினிக்குத் தெரியுமா என்று இராசதுரை கேட்டார். தெரியும் என்றாள் அவள். ஒவ்வொரு கோப்பும் தான் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைக் குறித்து வைத்திருக்கும். பெயர்க் கோப்பின் நேரம் வந்தது. புதன்கிழமை, காலை ஆறு பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை செத்தவனுக்குப் புதன்கிழமையே நஞ்சு வைத்தாயிற்று என்றார் இராசதுரை. இரண்டு நாளும் எப்படி ஓடியது என்று கேட்டதற்கு, எழும்பும்போது ஒரு தரம்தான் அது பெயரைப் படிக்கும், இன்று கரண்ட் போகும்வரை பழைய பெயரிலேயே ஓடியிருக்கிறது என்று கமலாதேவி சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் மெல்ல மாறியது.

"ஐயா, துறைமுக வாசல் ஏழு மணிக்குத்தான் திறக்கும். ஆறு பன்னிரண்டுக்கு நான் உப்புவெளியில பஸ்ஸுக்கு நிண்டனான்."

யாரும் மேல்மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. இராசதுரை சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முகாமையாளரைப் பார்க்காமலே, ஏதோ நினைவு வந்தவர் மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"வெருகல் எண்ட பேருக்குக் கூட்டுத்தொகை எவ்வளவு வரும், மிஸ்டர் சோமசேகரம்?"

"இருபத்தாறு," என்றார் சோமசேகரம் உடனே. "ரெண்டும் ஆறும் எட்டு. எட்டுச் சனிக்குரிய எண். ஓர் 'ஏ' போட்டா இருபத்தேழு, ஒன்பது, அது விசேஷமான..."

அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. வாளியில் இருந்து கொஞ்சம் மணல் கொட்டியது.

"அல்லாஹ்வே," என்றான் ஜெமீல், மிக மெதுவாக.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. போன மாதம் அலுவலகத்துக்கு வர இருந்த கப்பல் ஒன்று வேறு முகவரிடம் கைமாறிப் போனதில் இருந்து அவருக்கு நித்திரை இல்லை. எண்சோதிடர் ஒருவரிடம் போனார். பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துக் கூட்டச் சொன்னார் சோதிடர். கூட்டினார். றப்பர் முத்திரையை மாற்றச் சொன்னார். மாற்றினார். பெயர் உள்ள வேறு பொருள் ஏதும் உண்டா என்று சோதிடர் கேட்டார். சோமசேகரத்துக்குக் கணினி நினைவுக்கு வந்தது. பெயர்க் கோப்பை ஒருமுறை கொழும்புப் பொறியியலாளர் திறந்து காட்டியது ஞாபகம் இருந்தது. அதைத் திருத்துவதற்கான தலைமைக் கடவுச்சொல் அவருடைய பணப்பையில், திருநீற்றுப் பொட்டலத்தோடு இருந்தது. வேறு ஒருவரிடமும் இல்லை. புதன் காலை குளித்துவிட்டு வந்து ஓர் எழுத்தைப் போட்டார். அவ்வளவுதான். நல்லது நடக்கும் என்றுதான் போட்டார்.

"ஒரு எழுத்துத்தானே எண்டு நினைச்சனான்," என்றார்.

அந்த எழுத்தை எடுத்துவிடச் சொன்னார் இராசதுரை. யாரும் எதிர்பார்க்காதபடி சோமசேகரம் மறுத்தார். தவறு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். கப்பல் போனாலும் போகட்டும், எட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று பணப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெளியே கப்பல் இரண்டாவது தரம் ஊதியது. ஜெமீல் மணல் வாளியைப் பார்த்த பார்வையில், அதை யார் தலையில் கவிழ்ப்பது என்ற யோசனை தெரிந்தது.

கமலாதேவிதான் பேசினாள். எழுத்தை எடுக்கத் தேவையில்லை, பட்டியலில் வெருகலுக்குப் பக்கத்தில் வெருகாலையும் எழுதிவிட்டால் போதும், இரண்டும் ஒரே ஆள் என்று கணினி ஏற்றுக்கொள்ளும் என்றாள். சனியும் வராது, கப்பலும் போகாது.

முகாமையாளர் கடவுச்சொல் எழுதிய, திருநீறு அப்பிய துண்டுத் தாளை நீட்டினார். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இராசதுரை கால் மணி நேரம் எடுத்திருக்கக்கூடிய வேலையை அவளுடைய பத்து விரல்களும் அரை நிமிடத்தில் முடித்தன. வெளியே போய், தன் பெயரிலேயே திரும்ப உள்ளே வந்தாள். திரை இருண்டது. நான்கு பேரும் திரைக்குக் கிட்டக் குனிந்தார்கள்.

டெஸ்க்டொப் வந்தது. மணிக்கூடு, கோப்பலுமாரி, அச்சுப்பொறி என்று சின்னச் சின்னப் படங்கள் திரையின் அடியில் ஒவ்வொன்றாக வந்து வரிசையாக உட்கார்ந்தன.

பன்னிரண்டு அடித்தது. ஜெமீல் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பிறகு சொல்லுங்கள் என்று பள்ளிவாசலுக்கு ஓடினான். அச்சுப்பொறி திட்டத்தைக் கடகடவென்று அடிக்கத் தொடங்கியது.

சோமசேகரம் கடிதத்தை இரண்டாகக் கிழிக்கப் போனார். கமலாதேவி கையை நீட்டினாள்.

"கிழிக்க வேண்டாம், சேர். என்னட்டைத் தாங்கோ. கார்பன் கொப்பியையும் தாங்கோ."

கொப்பி கோப்பில் போட்டாயிற்று, இலக்கமும் கொடுத்தாயிற்று, அது அலுவலக ஒழுங்கு என்று அவர் இழுத்தார். கையெழுத்து இல்லாத கொப்பியால் என்ன நடக்கப் போகிறது என்றார்.

"என்ர தம்பியைப் பதினொரு மாதம் தடுப்பில வைச்சிருந்தவங்கள், சேர். ஆரோ அனுப்பாம விட்ட கடிதத்தின்ர கொப்பியாலதான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஐந்து வருடமாக அவளோடு ஒரே கட்டடத்தில் வேலை செய்த சோமசேகரத்துக்கு அவளுக்குத் தம்பி இருப்பதே தெரியாது. அவர் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்துக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தார். மன்னிக்க வேண்டும் என்று சொல்லப் பார்த்தார், பாதிதான் வெளியே வந்தது.

அவள் இன்னும் போகவில்லை. தட்டச்சு மேசை லாச்சியைத் திறந்து, பாவித்த கார்பன் தாளைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுப்புத் தாளில் அவள் பெயர் தெளிவாகத் தெரிந்தது. இராசதுரைக்கு அது தோன்றவேயில்லை. பதினெட்டு வருடத் துப்பறிவாளர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

மூன்று தாள்களும் குசினி அடுப்பில் எரிந்தன. அவை கரியாகும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, திட்டத்தை எடுத்துக்கொண்டு துறைமுக அலுவலகத்துக்குத் தானே நடந்து போனாள்.

ஒன்றரை மணிக்குப் பாரந்தூக்கி அசைந்தது. முதல் வலைப்பொதியில் பால்மாப் பெட்டிகள் தொங்கின. தொழுகை முடிந்து வந்த ஜெமீல் மிச்சக் கதையை இரண்டு தரம் கேட்டான். அதில் ஒரு தரம்கூடப் பகிடி விடவில்லை.

இராசதுரை தன் அறிக்கையை எழுதினார். கணினியின் பெயரில் ஒரு பிழை, திருத்தப்பட்டது, குற்றவாளி என்று எவரும் இல்லை. மூன்றே வரி. அதைத் தட்டச்சு செய்து தருவதாகக் கமலாதேவி வாங்கிக்கொண்டாள். தாளை உருளையில் செருகிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தினை கொப்பி வேணும், ஐயா?"

"ஒண்டே ஒண்டு அடியும், பிள்ளை," என்றார் இராசதுரை. "அதையும் வாசிச்சுப்போட்டு உம்மட்டையே தந்திட்டுப் போறன்."